வேலூரிலிருந்து நேபாள மலையேற்றம்: கிளம்புவதற்கு முன்பே செய்துவிடும் தவறுகள்

"ஒன்பது நாள் லீவு கிடைத்திருக்கிறது. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போய்விட்டு வந்துவிடலாமா?" காட்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து நேபாளத்துக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். முடியாது என்பதுதான் நேர்மையான பதில். லீவை முதலில் வாங்கிவிட்டு அதற்குள் மலையை அடக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு. உடம்புக்கு வரும் ஆபத்து, பணம் வீணாவது, குழுவுக்குள் வரும் சண்டை என்று பல தொல்லைகளுக்கு இதுவே வேர்.

கணக்கைப் பாருங்கள். எவரெஸ்ட் பாதையில் நடை தொடங்கும் லுக்லா ஏறக்குறைய 2,860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடுத்த பெரிய ஊரான நாம்சே பஜார் 3,440 மீட்டர். பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். லுக்லாவில் இறங்கித் திரும்ப லுக்லா வந்து சேர 12 நாள் வைப்பதுதான் வழக்கம். அதில் நாம்சேயில் ஒரு நாள், டிங்போச்சேயில் ஒரு நாள் உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்காகவே ஒதுக்கப்பட்டவை. வேலூரிலிருந்து போக, வர ஆகும் நாட்களையும் சேர்த்தால் இரண்டு வாரத்துக்கு மேல் கையில் இருக்க வேண்டும். திட்டத்தைச் சுருக்க நினைக்கிறவர்கள் முதலில் வெட்டுவது அந்த இரண்டு ஓய்வு நாட்களைத்தான். வெட்டவே கூடாத நாட்கள் அவை.

ஒன்பது, பத்து நாள்தான் கிடைக்கும் என்றால் இடத்தை மாற்றுங்கள். பொக்ரா நகரத்திலிருந்து கோரேபானி வழியாகப் பூன் ஹில் போய்வர நான்கு நாள் போதும். உயரம் 3,210 மீட்டர்தான். ஆனால் விடியற்காலையில் தவுலகிரி, அன்னபூர்ணா சிகரங்கள் கண்ணுக்கு நேரே நிற்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். இன்னும் சில நாள் கூடுதலாகக் கிடைத்தால் லாங்டாங் பள்ளத்தாக்கில் கியான்ஜின் கோம்பா வரை, அதாவது 3,870 மீட்டர் வரை போகலாம். 4,130 மீட்டரில் இருக்கும் அன்னபூர்ணா பேஸ் கேம்ப்பும் நல்ல இலக்குதான். அதற்கும் நாளை நெருக்காமல் திட்டமிட வேண்டும்.

உயரம் என்றால் என்ன

வேலூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. நமக்குத் தெரிந்த "மலை" ஏலகிரி. அது சுமார் 1,100 மீட்டர். அங்கே போய் மூச்சு வாங்கவில்லை என்பதை வைத்து இமயமலையைக் கணக்கிட முடியாது. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். உடம்பு இதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும், ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும். மூச்சின் வேகம் கூட வேண்டும், அதற்கேற்ப சிறுநீரகம் ரத்தத்தின் ரசாயனத்தைச் சரிசெய்ய வேண்டும், தூக்கத்தின் போக்கே மாற வேண்டும்.

ஜிம்முக்குப் போகிறவன், ஓட்டப்பந்தயம் ஓடுகிறவன் என்றால் உயரத்து நோய் வராது என்று பலர் நம்புகிறார்கள். உடல் வலிமை இதற்குக் காப்பு ஆகாது. சொல்லப்போனால் நல்ல தெம்புள்ள இளைஞர்கள்தான் வேகமாக ஏறி முதலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, இன்று தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும். பகலில் இன்னும் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்கலாம். அது உடம்புக்கு நல்லதும்கூட. மலையேற்றத்தை ஏற்பாடு செய்யும் ஏஜென்சி கொடுக்கும் திட்டத்தை வாங்கியவுடன் ஒவ்வொரு இரவும் தங்கும் ஊரின் உயரத்தைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்த ஒரு வரிசையே அது நல்ல திட்டமா என்று காட்டிவிடும்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, கிறுகிறுப்பு, அசாதாரணச் சோர்வு ஆகியவை தொடக்க அறிகுறிகள். இவை வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், குடித்தவன்போல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது என்று வந்துவிட்டால் அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டதற்கான அடையாளம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும்.

இதில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது நம் ஆட்களின் ஒரு பழக்கம். தலைவலியைச் சொன்னால் மொத்தக் குழுவும் நிற்க வேண்டி வரும், எல்லாரும் போட்ட காசு போய்விடும் என்று நினைத்து மறைத்துவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முன்பே, ஊரில் உட்கார்ந்து பேசும்போதே இதை முடிவு செய்துவிடுங்கள்: யாருக்கு முடியவில்லையோ அவரோடு ஒருவர் இறங்குவார், அதற்காக யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. கைடு ஒருவர்தான் என்றால் அவர் யாரோடு போவார் என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழகுவதைச் சற்று விரைவுபடுத்தும். அதை நண்பர் சொன்னார் என்று வாங்கிப் போடக் கூடாது; சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் குறிப்பாக டாக்டரிடம் கேட்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நோயாளிகள் தேடி வரும் ஊர் வேலூர். இங்கேயே இருந்துகொண்டு அதைச் செய்யாமல் போவது சரியில்லை. இன்சுலின் போடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். அதை உடம்போடு ஒட்டி, சட்டைக்குள் வைத்திருக்க வேண்டும்.

எந்த மாதம்

நம் ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை. அதனால் அக்டோபர், நவம்பரில் வெளியூர்ப் பயணமே வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறோம். நேபாளத்தில் நிலைமை நேர்மாறு. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கொட்டித் தீர்த்துவிட்டுப் போன பிறகு, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடியும் வரை வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். மார்ச் முதல் மே வரை இன்னொரு பருவம். மே மாதத்தில் பிற்பகலில் மேகம் மூடும், மூட்டம் இருக்கும். ஆனால் பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மே முதல் பாதி ஒத்துவரும்.

தவிர்க்க வேண்டியது காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் மழை இன்னும் முழுதாக விலகியிருக்காது. 2024 செப்டம்பர் கடைசி வாரத்தில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலும் சுற்றுப்புறங்களிலும் பெய்த மழையில் வெள்ளமும் நிலச்சரிவும் வந்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதோடு, நாம் நவராத்திரி கொண்டாடும் அதே நாட்களில் அங்கே தசைன். நேபாளிகளுக்கு அதுதான் வருடத்தின் பெரிய பண்டிகை. கைடுகளும் சுமை தூக்கும் போர்ட்டர்களும் வீட்டுக்குப் போக ஆசைப்படுவார்கள், பஸ்ஸில் இடம் கிடைக்காது. தசைன் முடிந்த பிறகு போவதுதான் நமக்கும் வசதி, அவர்களுக்கும் நியாயம்.

நல்ல பருவத்திலும் வங்கக்கடலை ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்த ஹூட்ஹூட் புயலின் எச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டு நாளில் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாக இறங்கியது. 5,416 மீட்டர் உயரத்தில் உள்ள தோரோங் லா கணவாயைச் சுற்றியும் அந்தப் பகுதியிலும் 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். புயல் எச்சரிக்கையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியும். வங்கக்கடலில் புயல் என்று செய்தி வந்தால், கணவாயைக் கடக்காமல் ஊரில் தங்கியிருங்கள்.

டிக்கெட், அடையாள அட்டை, பணம்

லுக்லா விமானங்கள் மேகம் வந்தால் பறக்காது. ஒரு நாள் முழுக்க, சில சமயம் இரண்டு மூன்று நாளும் காத்திருக்க நேரும். கூட்டம் அதிகமான பருவத்தில் அந்த விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாமல் ராமேச்சாப்பிலிருந்து கிளம்பும். அதற்கு நள்ளிரவில் புறப்பட்டு நான்கைந்து மணி நேரம் ஜீப்பில் போக வேண்டும். திரும்பி வந்த மறுநாளே டெல்லிக்கோ பெங்களூருக்கோ டிக்கெட் போட்டுவிட்டு அங்கே தவிப்பது அடிக்கடி நடக்கிறது. குறைந்தது இரண்டு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். விமானம் சரியான நேரத்துக்கு வந்துவிட்டால் அந்த இரண்டு நாளில் பக்தபூரையும் பசுபதிநாதரையும் பார்க்கலாம்.

இந்தியர்களுக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம். அதனால் ஆதார் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். விமானத்தில் போகும் பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் தந்த வாக்காளர் அட்டை வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். நம் இனிஷியல் வழக்கம் அங்கே குழப்பம் தரும்.

இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60 என்பது நிலையான மதிப்பு. 2018 டிசம்பரில் நேபாளம் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளைத் தடை செய்தது. இந்த விதி மாறக்கூடியது என்பதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாய்த் தாள்களாகக் கொண்டுபோனால் கவலையில்லை. மலைக்கு மேலே ரொக்கப் பணம் மட்டும்தான் செல்லும், ஏ.டி.எம்.மை நம்பக் கூடாது. மலைப் பாதைகள் இருக்கும் பூங்காக்களின் நுழைவுக் கட்டணத்தில், இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசிய) நாட்டவருக்குக் குறைந்த கட்டணம் உண்டு. ஏஜென்சி மொத்தமாகப் பணம் கேட்டால், அந்தக் கட்டணத்தில்தான் கணக்கிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், உயரத்தைப் பார்ப்பதில்லை. சாதாரண வெளிநாட்டுப் பாலிசிகள் பலவற்றில் மலையேற்றத்துக்கு உயர வரம்பு இருக்கும். நீங்கள் போகும் அதிகபட்ச உயரம் வரை, ஹெலிகாப்டர் மீட்பும் சேர்த்து, செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். பொக்ராவில் பாராகிளைடிங், திரிசூலி ஆற்றில் ராஃப்டிங் என்று ஆசை இருந்தால் அவையும் அடங்குமா என்று பார்க்க வேண்டும். லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டர் வரவழைத்து இன்சூரன்ஸ் பணத்தைச் சுரண்டிய மோசடிகளை 2018இல் நேபாள அரசே விசாரித்தது. நடந்து இறங்க முடிகிற ஒருவரை ஹெலிகாப்டரில் ஏறச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பேசுங்கள்.

காலும் சுமையும்

கோட்டையைச் சுற்றி தினமும் நடக்கிறேன், அது போதாதா என்றால் போதாது. சமதளத்தில் நடப்பது ஒரு வேலை, முதுகில் ஆறேழு கிலோவோடு படி ஏறி இறங்குவது வேறு வேலை. சோளிங்கர் பெரிய மலைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இருக்கின்றன. ரோப் காரை விட்டுவிட்டுப் படியில் ஏறுங்கள், இறங்கும்போதும் படியிலேயே வாருங்கள். முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். ஏலகிரியில் சுவாமிமலை, கொஞ்சம் தள்ளிப் போனால் பர்வதமலை என்று இடத்துக்குக் குறைவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து ஏறுவதுதான் சரியான பயிற்சி, ஏனென்றால் அங்கே தினமும் காலையில் எழுந்து நடக்க வேண்டும்.

ஆம்பூரில் எவ்வளவு நல்ல தோல் ஷூ கிடைத்தாலும், கடைசி வாரத்தில் வாங்கிய புது ஜோடியோடு மலைக்குப் போகாதீர்கள். நன்றாக நடந்து பழக்கிய, விரல் முன்னால் முட்டாத மலையேற்ற ஷூ வேண்டும். உள்ளே பருத்தி பனியன் போடாதீர்கள். வியர்வையைக் குடித்துவிட்டு நின்றவுடன் குளிர ஆரம்பிக்கும். தடிமனான ஜாக்கெட்டை இங்கே விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, காத்மாண்டுவில் தமேல் பகுதிக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும்.

சாப்பாட்டில் நமக்குச் சிரமமே இல்லை. டால் பாத் என்பது சோறு, பருப்பு, காய்தான், கேட்டால் இன்னும் போடுவார்கள். எவரெஸ்ட் பகுதியில் மேலே விலங்குகளை அறுப்பதில்லை. கறி கீழிருந்து நாள்கணக்கில் சுமந்து வருவது. பிரியாணி நாக்காக இருந்தாலும் அந்த நாட்களில் கறியை விட்டுவிடுவது வயிற்றுக்கு நல்லது.

போர்ட்டரிடம் பேரம் பேசுவது எனக்கு ஏற்பில்லாத ஒன்று. இரண்டு பேரின் பையை ஒருவர் சுமப்பது வழக்கம் என்பதால், நாம் கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு கிலோவும் அவர் முதுகில்தான் ஏறுகிறது. அவருக்குக் குளிருக்கு உடையும் காப்பீடும் இருக்கிறதா, இரவில் எங்கே தூங்குவார் என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். சரியான பதில் வரவில்லை என்றால் வேறு ஏஜென்சியைப் பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து பெரும்பாலான பாதைகளில் உரிமம் பெற்ற கைடு கட்டாயம் என்று நேபாளம் அறிவித்திருக்கிறது. கட்டாயம் இல்லாத பாதையிலும் முதல் பயணத்துக்குக் கைடோடு போவதே நல்லது.

அப்புறம் வீட்டுக்கு ஒரு தாள். எந்த நாள் எந்த ஊரில் தங்குகிறீர்கள், கைடின் எண், ஏஜென்சி எண், இன்சூரன்ஸ் பாலிசி எண் எல்லாவற்றையும் எழுதி அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுங்கள். மேலே சில ஊர்களில் சிக்னல் கிடைக்காது, இரண்டு நாள் போன் வராமல் போனால் பயப்பட வேண்டாம் என்றும், மூன்றாவது நாளும் வரவில்லை என்றால் முதலில் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.