குழந்தைகள் மியூசியத்துக்கு ஊர் ஊரா போற எக்ஸிபிட்: குப்பை சேராம செய்யறது எப்படி

ஊர் ஊரா போற எக்ஸிபிஷன் ஒண்ணும் புது ஐடியா இல்ல, கொல்கத்தா பிர்லா மியூசியம் 1965லயே அறிவியல் மாடல்களை பஸ்ல ஏத்தி ஸ்கூல்களுக்கு அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. இப்போ "சுற்றுச்சூழலுக்கு கேடு இல்லாம செய்யணும்"னு யாராவது சொன்னா உடனே எல்லாரும் மூங்கில், சணல்னு மெட்டீரியல் தேடி ஓடறாங்க. என்னைக் கேட்டா அது ரெண்டாவது. ஒரு வருஷத்துல பிஞ்சு குப்பைக்குப் போற மூங்கில் எக்ஸிபிட்டை விட பத்து வருஷம் ஓடற ப்ளைவுட் எக்ஸிபிட் எவ்வளவோ மேல். அதனால மெட்டீரியலை யோசிக்கறதுக்கு முன்னாடி, இதை ஏத்திட்டுப் போகப்போற வண்டியை அளங்க.

நிஜமாவே டேப் எடுத்துட்டுப் போய் அளங்க. குட்டி யானைல பின்னாடி சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் கம்மியா அகலம் கிடைக்கும், மொத்த செட்டும் அதுல ஒரே ட்ரிப்ல அடங்கணும், இல்லன்னா ஒவ்வொரு ஊருக்கும் ரெண்டு வண்டி டீசல். ப்ளைவுட் ஷீட் 8க்கு 4 அடி வரும், பேனலை எல்லாம் 4க்கு 2, 4க்கு 4ன்னு வரைஞ்சா வேஸ்ட் ரொம்ப கம்மி, வண்டிலயும் தட்டையா அடுக்கிடலாம். அழகுக்காக 4 அடி 3 இன்ச்னு ஒண்ணு வரைஞ்சீங்கன்னா ஆசாரி இன்னொரு ஷீட்டை எடுப்பார், மிச்சம் அடுப்புக்குத்தான். 18 எம்எம் முழு ஷீட் 30 கிலோவைத் தாண்டும், அடித்தளத்துக்கு மட்டும் அதைப் போட்டுட்டு மத்ததுக்கு 12 எம்எம் வச்சுக்கோங்க. போற இடத்துல கைகொடுக்க பெரும்பாலும் ஒரு வாட்ச்மேனும் ஒரு டீச்சரும்தான் இருப்பாங்க, அவங்க ரெண்டு பேர் தூக்க முடியாத பீஸ் எதுவும் வேண்டாம்.

அடுத்தது ஜாயின்ட். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. பசை போட்டு ஒட்டின மூலை பிஞ்சா அந்தப் பெட்டியே போச்சு, மர ஸ்க்ரூவும் நாலஞ்சு தடவை கழட்டி மாட்டினா ஓட்டை லூஸாகி பிடிப்பு போயிடும். ப்ளைவுட்டுக்குள்ள டி-நட் (பல்லால மரத்தைக் கவ்விப் பிடிக்கற, உள்ள மரை இருக்கற இரும்பு நட்) அடிச்சு இறக்கிட்டு போல்ட் போடுங்க, அப்போ இரும்பு மரையோட இரும்பு மரை சேரும், மரம் தேயாது. முக்கியமா எல்லா இடத்துலயும் ஒரே சைஸ் போல்ட். எம்8னா (8 எம்எம் தடிமன் போல்ட்) எல்லாமே எம்8, ஒரே ஒரு 13 எம்எம் ஸ்பேனர்ல முழு செட்டும் கழண்டுடும். ரெண்டு மூணு சைஸ் கலந்தீங்கன்னா மூணாவது ஊர்லயே யாராவது கைக்குக் கிடைச்ச ஆணியை அடிச்சு வச்சிருப்பாங்க.

இப்போ மெட்டீரியல். எம்டிஎஃப் (மர நாரை பசையோட அழுத்திச் செஞ்ச பலகை) விலை கம்மி, ஆனா தண்ணி பட்டா ஓரம் உப்பிடும், நம்ம ஊர் மழைக்காலத்துல வண்டில போறதுக்கு சரிப்படாது. ப்ளைவுட்ல ஃபார்மால்டிஹைடு (பசைலேர்ந்து வர்ற நச்சு வாயு) கம்மியா வெளிவிடற ஈ0 இல்ல ஈ1 கிரேடு கேட்டு வாங்குங்க. பெயின்ட் வாட்டர் பேஸ்டா இருக்கட்டும். ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுன்னு நம்ம நாட்டுலயே சட்டம் இருக்கு, டப்பால பார்த்து வாங்குங்க, குழந்தைங்க எல்லாத்தையும் நக்கும். கைல உருட்டற பொருளுக்கு சென்னபட்டணா பொம்மை மாதிரி வெட்பாலை மரம், அரக்கு ஃபினிஷ் அருமையா இருக்கும். பெரிய உருவம் வேணும்னா உண்ணிச்செடியை யோசிங்க. காட்டை நாசம் பண்ற செடி, வெட்டினா காட்டுக்கே நல்லது. நீலகிரி கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள் அந்தக் குச்சில செஞ்ச யானைங்க 2021ல லண்டன் பூங்காவுலயும் 2024ல அமெரிக்காவுலயும் நின்னுச்சு, அதை விட பெரிய டூரிங் எக்ஸிபிட் எது?

3 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க வருவாங்கன்னா 3.2 சென்டிமீட்டர் அகல ஓட்டைல நுழையற சின்ன துண்டு எதுவும் கழண்டு வரக்கூடாது, தொண்டைல அடைச்சுக்கும். இதுல காம்ப்ரமைஸ் கிடையாது.

ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டவே வேண்டாம், அது பிவிசி பிளாஸ்டிக், கிழிஞ்சா கூரைக்குத்தான் ஆகும். காட்டன் துணில ஸ்க்ரீன் பிரின்ட் பண்ணலாம். எழுத்துப் பலகையை மட்டும் எக்ஸிபிட்டோட சேர்த்து ஒட்டிடாம தனியா ஒரு காடி (நீளப் பள்ளம்) வெட்டி அதுல சொருகற மாதிரி வைங்க, ஓசூர்ல தமிழ்ப் பலகை, தாண்டிப் போனா கன்னடப் பலகை, தப்பு இருந்தாலும் அந்தப் பலகையை மட்டும் மாத்தினா போதும்.

கரன்ட்டை நம்பாதீங்க. கப்பி, பல்சக்கரம், பெரிய பந்து உருளற பாதை, கையால சுத்தற டைனமோ, இதெல்லாம் பவர் கட்லயும் ஓடும், குழந்தைங்களும் டச் ஸ்க்ரீனை விட இதுலதான் அதிக நேரம் நிப்பாங்க. லைட் அவசியம்னா அழுத்தினா எரிஞ்சு தானா அணையற எல்இடி.

பேக்கிங்குக்கு பபுள் ராப் வாங்காம பழைய புடவையை மெத்தை மாதிரி தைச்சு ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு உறை போட்டுடுங்க. பெட்டியையும் சும்மா பெட்டியா விடாதீங்க, கவுத்தா சின்னப் பசங்க நிக்கற மேஜை ஆகணும், உயரம் 2 அடி போதும். ரூட் போடறப்போ ஒவ்வொரு ஊருக்கும் போயிட்டு திரும்ப வராம மதுரை, திண்டுக்கல், கரூர், திருச்சினு வளையமா போடுங்க. கடைசில ஓய்வு குடுக்கறப்போ எந்த பீஸ் எந்த அங்கன்வாடிக்குப் போகும்னு இப்பவே பேசி வச்சா குடோன்ல கிடந்து கரையான் அரிக்காது.

பெட்டி மூடிக்கு உள்பக்கம் மாட்டற வரிசையைப் படமா ஒட்டுங்க, கூடவே பத்து போல்ட், ஸ்பேனர் ரெண்டு. ஒண்ணு கண்டிப்பா காணாமப் போகும்.