ஸ்பீக்கர் ஜோடியை அறையில் எங்கே வைப்பது, எப்படிக் கேட்பது

ஹைஃபை என்பது பதிவில் இருப்பது கூடாமல் குறையாமல் காதுக்கு வந்து சேர்வது. நெஞ்சை அதிரவைக்கும் பேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வரும் ஒலியை அதிகம் கெடுப்பது அறைதான். ஒயரும் ஃபைலும் அப்புறம். எனவே புதிதாக எதையும் வாங்குமுன் ஓர் இன்ச் டேப்பை எடுங்கள்.

முதலில் ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரை, அதாவது ஆம்ப்பை, அணைத்துவிட்டு ஒயர்களைப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போயிருக்க வேண்டும். ஒன்றில் மாறியிருந்தால் ஒரு வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பேஸ் மெலிந்துவிடும், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது.

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 2 மீட்டர் என்றால், ஒவ்வொன்றிலிருந்தும் தலைக்கும் 2 மீட்டர். வலது இடது தூரம் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது. ட்வீட்டர், அதாவது உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர், நீங்கள் உட்கார்ந்த நிலையில் காது உயரத்தில், நாற்காலி என்றால் ஏறத்தாழ 90 முதல் 100 செ.மீ.யில், இருக்கட்டும். ஷோகேஸுக்குள் செருகி வைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய கொடுமை. பேஸ் ஊதிப்போய் குரலை மூடிவிடும்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் தந்திரக்காரன். தாழ்ந்த ஒலி ஸ்பீக்கரைச் சுற்றிப் பின்னாலும் போகிறது. முன்முகத்திலிருந்து சுவர் 60 செ.மீ. தள்ளி இருந்தால், போய்த் திரும்பும் 1.2 மீட்டர் 143 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அரை அலைநீளம். திரும்பி வருவது நேராக வருவதோடு மோதி அதைக் குறைத்துவிடும். ஆண்குரலின் அடிப்பகுதி இருக்கும் இடம் அது. 10 செ.மீ. வீதம் நகர்த்தி, ஆண்குரல் கனமாகவும் தெளிவாகவும் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பக்கச்சுவருக்கும் பின்சுவருக்கும் ஒரே தூரம் வேண்டாம். இரண்டு சுவரும் ஒரே ஒலியைக் குறைத்து, பள்ளம் ஆழமாகிவிடும்.

உட்காரும் இடமும் அப்படியே. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் அருகே ஒலி சுவருக்குச் சுவர் நின்று அதிரும். அறையின் நட்டநடுவில் அது காணாமல் போகும், சுவரோரம் வீங்கும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரிலிருந்து நான்கரை அடியில் நாற்காலியைப் போட்டுத் தொடங்குங்கள். நடுவில் உட்கார்ந்துகொண்டு ஈக்வலைசரில் (ஒலியின் பேஸ், உச்சம் ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) பேஸை ஏற்றிப் பயனில்லை. ஏற்றியதும் அங்கேயே அடிபட்டுப்போகும், ஆம்ப்தான் திணறும்.

இப்போது கை தட்டுங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் ‘டர்ர்’ என்று ஒரு வால் நீளும். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே தடித்த கம்பளம், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை, புத்தகம் நிறைந்த அலமாரி இவை போதும். மெல்லிய ஃபோமும் முட்டை அட்டையும் உச்ச ஒலியை மட்டும் விழுங்கும்; பேஸ் அசையாது, அறை மந்தமாகிவிடும்.

ஃபைல் விஷயம் சுருக்கமானது. 1982-இல் வந்த சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காதின் 20 கிலோஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டியே பிடிக்கிறது. கேட்பதற்கு அது தாராளம். சுருக்கும்போது ஒலியில் கொஞ்சம் தொலைத்துவிட்ட எம்பி3-ஐ, எதையும் தொலைக்காத ஃப்ளாக்காக மாற்றினால் ஃபைல்தான் பெரிதாகும், இழந்தது திரும்பாது.

கேட்கும்போது நன்கு பழகிய ஒரே பதிவை, பேச்சுக்குரல் அளவுக்குச் சற்று மேலான சத்தத்தில் போடுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத்தில், விழும் அடி ஒரே சுருதியில் இழுக்காமல் அடங்குகிறதா? வலப்பக்கமான வலந்தலை அடியில் விரல் தெரிகிறதா? பாட்டு நிற்கும் இடைவெளியில் தம்புரா தொடர்கிறதா?

இரண்டு ஆம்ப்களை ஒப்பிடுவதானால் முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல் கூடினாலே காது அதைச் ‘சத்தம்’ என்று சொல்லாது, ‘தெளிவு’ என்று சொல்லும். பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓடவிட்டு மீட்டரால் அளப்பது நல்லது. பிறகு எது ஓடுகிறது என்று தெரியாதபடி வேறொருவர் மாற்றட்டும். 16 தடவையில் 12 சரியாகச் சொன்னால், வெறும் ஊகத்தில் அவ்வளவோ அதற்கு மேலோ சரியாக வரும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. 12-க்குக் குறைந்தால் புது ஆம்ப் பணத்தை ஸ்டாண்டுக்கும் கம்பளத்துக்கும் ஒதுக்குங்கள்.