தம்பிக்கு வேண்டியிருந்தது ஆலோசனையா, உளவியல் மதிப்பீடா? – என் அனுபவம்

பெங்களூரு அல்சூரில் எங்களுடன் இருக்கும் தம்பி, சாலை விபத்தில் தலையிலும் முதுகிலும் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். மனச்சோர்வென்று எண்ணி ஆலோசகர் ஒருவரிடம் ஆறு வாரம் அழைத்துச் சென்றோம். அவர் பரிவோடு கேட்டும், சொன்ன பயிற்சிகளை அவன் செய்யவே இல்லை. வேறொருவரிடம் சென்றும் அதே கதைதான்.

அவனுடைய நோட்டைப் புரட்டியபோது, ஒரே மூச்சுப் பயிற்சியை மூன்று வெவ்வேறு தேதிகளில், முதன்முறை கேட்பதுபோலவே எழுதியிருந்தான். அக்கறையின்மை அல்ல, மறதி! உடனே, 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரை, பதிவு எண்ணைச் சரிபார்த்த பின் அணுகி, நினைவாற்றலையும் கவனத்தையும் தமிழிலேயே சோதிக்கும் உளவியல் மதிப்பீட்டைச் செய்யவைத்தோம். அவருடைய அறிக்கையின்படி, பழைய ஆலோசகர் இப்போது அமர்வை இருபது நிமிடமாகக் குறைத்து, முடிவில் பயிற்சியைத் தம்பியின் கைபேசியிலேயே பதிவுசெய்து தருகிறார். தம்பியும் தினமும் அதைக் கேட்டுச் செய்கிறான். எங்களுக்குப் பெரும் நிம்மதி.