வேகப்பந்து வீசும் பிள்ளைகளின் கீழ்முதுகு வலி: பிசியோதெரபிஸ்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேகப்பந்து வீசும் பதின்பருவப் பிள்ளைகளுக்குப் புதிய பிசியோதெரபிஸ்டுகள் சிகிச்சை அளிக்கும்போது, தொடக்க காலத்தில் நான் செய்த தவறுகளே திரும்ப நிகழ்வதைக் காண்கிறேன். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடக் கூடாது, வார்ம்-அப் செய்யாமல் வீசக் கூடாது என்பன எல்லாரும் அறிந்தவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வது

இந்த ஒரு தவறு இன்றும் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. வலது கையால் வீசும் 15 வயதுப் பையன் ஒருவன், இடுப்புக்குச் சற்று மேலே இடப்பக்கம் வலிப்பதாகவும், பின்னால் வளையும்போது அது கூடுவதாகவும் சொல்லிக்கொண்டு வந்தான். எக்ஸ்ரேயில் குறை ஏதும் தெரியவில்லை. தசைப்பிடிப்பு என்று முடிவு செய்த நான், ஒத்தடம் கொடுத்ததோடு, புஜங்காசனம் போல முதுகைப் பின்னோக்கி வளைக்கும் பயிற்சியையும் காலையும் மாலையும் செய்யச் சொல்லி, இரண்டே வாரத்தில் மீண்டும் பந்து வீச அனுப்பிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து எடுத்த சி.டி. ஸ்கேனில், கீழ்முதுகின் ஐந்தாவது முள்ளெலும்பு இரு பக்கமும் முறிந்திருந்ததும், முறிவின் விளிம்புகள் இறுகிப்போயிருந்ததும் தெரிந்தன. அந்த நிலையை எட்டிய முறிவு ஓய்வினால் சேர்வதில்லை. அவன் முதல் நாள் சொன்ன இரண்டு அடையாளங்களே என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

முள்ளெலும்பின் பின்புறத்தில் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் குறுகிய பாலம் ஒன்று உண்டு. பந்தை விடும் கணத்தில், முன்கால் தரையில் ஊன்றியிருக்க, முதுகு ஒரே நேரத்தில் பின்னாலும் பக்கவாட்டிலும் வளைந்து திரும்புவதால், இன்னும் முழுமையாக உறுதிப்படாத அந்தப் பாலத்தின் மேல் விசை விழுகிறது. கம்பியை மடக்கி மடக்கி முறிப்பதைப் போல, பந்துக்குப் பந்து அது நலிகிறது. வலக்கை வீச்சாளர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கமே முதலில் பாதிக்கப்படுகிறது. தொடக்கத்தில் எலும்புக்குள் நீர்க்கோப்பு மட்டுமே இருக்கும். அதை எக்ஸ்ரே காட்டாது, எம்.ஆர்.ஐ. காட்டும். ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொல்லும் சோதனை ஐயத்தை எழுப்பப் பயன்படுமே தவிர, அதில் வலி வரவில்லை என்பதற்காக முறிவு இல்லை என்று எழுதிவிட முடியாது.

1995-இல் வெளியான மிக்கேலி, வுட் ஆகியோரின் ஆய்வில், முதுகு வலியோடு வந்த 100 இளம் விளையாட்டு வீரர்களில் 47 பேருக்கு இந்தப் பாலத்தில் முறிவு இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த பெரியவர்கள் 100 பேரில் அது 5 பேருக்கே இருந்தது. பெரியவர்களிடம் முதலில் நினைவுக்கு வரும் தசைப்பிடிப்பையும் டிஸ்க் கோளாற்றையும் வளரும் பிள்ளைகளிடம் கடைசியில்தான் எண்ண வேண்டும். வலி சில வாரங்களுக்கு நீடித்தால், பந்துவீச்சை நிறுத்திவைத்து, எம்.ஆர்.ஐ. தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

வலி நின்றதும் எலும்பு சேர்ந்துவிட்டதாகக் கொள்வது

வலி சில வாரங்களில் தணிந்துவிடும். எலும்பு சேர மாதங்கள் ஆகும். ஒரு பக்கத்தில், தொடக்க நிலையில் கண்டறிந்த முறிவுக்கே ஏறத்தாழ மூன்று மாதம் பந்துவீச்சை நிறுத்த வேண்டியிருக்கும். முழு வேகத்துக்குத் திரும்ப அதற்கும் மேல் ஆகும். 2011 நவம்பரில், 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடிய ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ், முதுகு முறிவு உள்ளிட்ட காயங்களால் தம் இரண்டாவது டெஸ்டை 2017 மார்ச்சில்தான் ஆடினார் என்பதை அவசரப்படும் பெற்றோரிடம் நான் சொல்வதுண்டு.

இடுப்பு பெல்ட்டை மட்டும் நம்புவது

பெல்ட் கட்டிக்கொண்டு பந்து வீசினாலும் எலும்பு முறியும்.

இரவு வலியைத் தள்ளிப்போடுவது

உறக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், எடை குறைவு, கால் வலுவிழத்தல், சிறுநீர் கழிப்பதில் கோளாறு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஓர் அணியின் ஓவர்களை மட்டும் எண்ணுவது

பள்ளி அணியின் பயிற்சியாளருக்குக் கிளப் ஆட்டம் தெரியாது. கிளப்பில் உள்ளவருக்கு வலைப்பயிற்சியில் வீசிய பந்துகள் தெரியாது. எல்லாப் பந்துகளையும் ஒரே நோட்டில் எழுதும் பொறுப்பைப் பெற்றோரிடம் கொடுங்கள். பொதுத்தேர்வுக்காக இரண்டு மாதம் பந்தைத் தொடாமல் இருந்த பிள்ளை, கோடை முகாமில் சேர்ந்து வாரத்துக்கு ஆறு நாள் வீசத் தொடங்கும்போது அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். முகாமின் முதல் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீசச் சொல்லி, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.