கூகுள் சம்மர் ஆஃப் கோட்: விண்ணப்பம் திறக்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

கூகுள் சம்மர் ஆஃப் கோட், சுருக்கமாக ஜீசாக், திறமூல (நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய) மென்பொருளுக்கு உதவித்தொகையோடு வேலை செய்யும் ஆண்டுத் திட்டம். "அண்ணா, ஜீசாக்குக்கு எப்படி அப்ளை பண்றது?" என்று ஜூனியர்கள் கேட்பது பெரும்பாலும் மார்ச் கடைசியில்தான். அப்போது கேட்டால் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: இந்த வருடம் வேடிக்கை பாருங்கள், அடுத்த வருடத்துக்கு இன்றே தொடங்குங்கள். விண்ணப்பப் படிவத்தை நிரப்ப அரை மணி நேரம் போதும். தேர்வாவதும் ஆகாததும் அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் முடிவாகிவிடுகிறது. அந்த மாதங்களில் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தப் பதிவு. கிட்ஹப் கணக்கு தொடங்குவது, கிட் நிறுவுவது எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2005 முதல் இதை நடத்துவதும் பணம் கொடுப்பதும் கூகுள்தான். ஆனால் நீங்கள் வேலை செய்வது கூகுளுக்கு அல்ல. டெபியன், போஸ்ட்கிரெஸ், விக்கிமீடியா போன்ற ஏதாவது ஒரு திறமூல அமைப்புக்கு. வழிகாட்டியும் அந்த அமைப்பின் ஆள்தான். 2021 வரை மாணவர்களுக்கு மட்டுமே இருந்தது. 2022 முதல் 18 வயது நிரம்பிய, திறமூலத்துக்குப் புதியவர் யாரும் வரலாம். ஆக, படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களுக்கும் இடம் உண்டு. திட்டங்கள் 90, 175, 350 மணி நேரம் என மூன்று அளவுகளில் வரும். வழக்கமாக 12 வாரம். வழிகாட்டி ஒப்புக்கொண்டால் 22 வாரம் வரை நீட்டலாம்.

பெரிய ஊர், பெரிய கல்லூரி என்றால்தான் எடுப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: முதல் பல ஆண்டுகளின் மொத்தக் கணக்கில் உலகிலேயே அதிகம் பேர் தேர்வான பல்கலைக்கழகம் இலங்கையின் மொரட்டுவை.

படி 1: அமைப்பைத் தேர்ந்தெடுப்பது

ஒவ்வொரு ஆண்டும் எந்தெந்த அமைப்புகள் வந்தன என்பது ஜீசாக் தளத்தின் காப்பகத்தில் இருக்கிறது. 2025-இல் பட்டியல் வெளியானது பிப்ரவரி 27. விண்ணப்பம் திறந்தது மார்ச் 24. இடையில் ஒரு மாதம்கூட இல்லை. அதனால் புதிய பட்டியலுக்குக் காத்திருக்காமல், விடாமல் பல ஆண்டுகள் வந்திருக்கும் அமைப்புகளில் ஒன்றைப் பிடித்து ஜனவரியிலேயே உள்ளே போய்விடுங்கள். அந்த ஆண்டு அது வராமலும் போகலாம். போனால் போகட்டும், கற்றது கையில் இருக்கும்.

பெயர் பெற்ற அமைப்புகளுக்குக் கூட்டம் குவியும். ஒவ்வோர் அமைப்புக்கும் இத்தனை இடம் என்று கூகுள் ஒதுக்குவதால், நல்ல முன்மொழிவுகூட (என்ன செய்யப்போகிறீர்கள் என்று நீங்கள் எழுதித் தரும் திட்டம்) இடமில்லாமல் நிராகரிக்கப்படுவது உண்டு. என் விருப்பம் நடுத்தர அளவிலான அமைப்புகள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளாக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் பாருங்கள்: கடந்த ஒரு மாதத்தில் வெளியாள் ஒருவர் அனுப்பிய மாற்றத்துக்கு யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா? இல்லையென்றால் உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

படி 2: உங்கள் கணினியில் பில்ட் செய்வது

பில்ட் என்றால் மூலநிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றுவது. விளக்கக் காணொளிகள் எல்லாம் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. என்னை அதிக நாள் கட்டிப்போட்டது இதுதான்.

8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி, விண்டோஸ். எல்லோரும் சொல்வது போல டபிள்யூ.எஸ்.எல். (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டு, எல்.எல்.வி.எம். கம்பைலரை பில்ட் செய்யக் கொடுத்தேன். எண்பது சதவீதம் வரை ஒழுங்காகப் போகும். பிறகு மவுஸ் நகராது, கடைசியில் "கில்டு" என்று ஒரே சொல்லோடு நின்றுவிடும். நிரலில் தவறே இல்லை. டபிள்யூ.எஸ்.எல். இரண்டாம் பதிப்பு இயல்பாக மொத்த ரேமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறது, அதாவது 4 ஜிபி. சி++ கோப்புகளைத் தனித்தனியாகக் கம்பைல் செய்யும்வரை அது போதும். கடைசியில் அவற்றை ஒன்றாக இணைக்கும்போது, அதாவது லிங்க் செய்யும்போது, ஒவ்வொரு லிங்க் வேலையும் பெரிய அளவு நினைவகம் கேட்கும். பில்ட் வேலைகளை ஓட்டும் நிஞ்சா என்ற கருவி அவற்றில் பலவற்றை ஒரே நேரத்தில் ஓடவிடும். நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னல் ஏதாவது ஒரு வேலையைக் கொன்றுவிடும்.

தீர்வு இப்படி:

- டபிள்யூ.எஸ்.எல். அமைப்புக் கோப்பில் நினைவகத்தையும் ஸ்வாப்பையும் (ரேம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) கூட்டுங்கள்.
- பிழை தேடுவதற்கான டீபக் பில்ட் வேண்டாம், ரிலீஸ் பில்ட் போதும். அளவு பல மடங்கு குறையும்.
- ஒரே நேரத்தில் ஒரு லிங்க் மட்டும் நடக்கும்படி சீமேக்கில் (பில்ட்டை அமைக்கும் கருவி) அமையுங்கள். லிங்கராக எல்.எல்.டி. பயன்படுத்துங்கள்.
- எல்லாச் செயலி (பிராசசர்) வகைகளுக்குமாக பில்ட் செய்யாமல், உங்கள் கணினியின் செயலிக்கு மட்டும் செய்யுங்கள்.
- மூலநிரலை சி டிரைவில் வைக்காதீர்கள். லினக்ஸின் ஹோம் கோப்புறைக்குள் வையுங்கள். வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எல்.எல்.வி.எம். இல்லாமல் வேறு பெரிய சி++ திட்டம் எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஹாஸ்டலில் மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவர்கள் முழு வரலாற்றோடு குளோன் செய்ய வேண்டாம். கிட்டில் பகுதிக் குளோன் வசதி இருக்கிறது, பழைய கோப்புகளைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கிக்கொள்ளும். முடிந்தால் டபிள்யூ.எஸ்.எல். தொல்லையே இல்லாமல் நேரடியாக லினக்ஸ் போட்டுவிடுங்கள் என்பதுதான் என் பரிந்துரை. எடிட்டருக்கு வி.எஸ். கோட் போதும், கிட்டை மட்டும் டெர்மினலில் பழகுங்கள். ரீபேஸ் செய் (உங்கள் மாற்றங்களைப் புதிய நிரலின் மேல் மறுபடி அடுக்கு) என்று வழிகாட்டி சொல்லும் நாளில் பட்டன்கள் கைகொடுக்காது.

படி 3: முதல் மாற்றம்

எழுத்துப்பிழை திருத்தம் ஒன்று அனுப்பலாம், நடைமுறை பிடிபடும். பத்து அனுப்பாதீர்கள். திறமூலத் திட்டங்களுக்கு மாற்றம் அனுப்பினால் டிஷர்ட் தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020-இல், அந்த டிஷர்ட்டுக்காக ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பியவர்கள் தொல்லை தாங்காமல், அந்த நிகழ்வின் விதியையே பாதியில் மாற்ற வேண்டியதாயிற்று. பராமரிப்பாளர்களுக்கு அது இன்னும் மறக்கவில்லை. ஒரே ஒரு உண்மையான வழுவை டெஸ்டோடு சேர்த்துத் திருத்தினால் போதும்.

கேள்விகளைப் பொது அரட்டையிலோ மின்னஞ்சல் குழுவிலோ கேளுங்கள். வழிகாட்டிக்குத் தனியாக "சார், ஐ ஆம் இன்ட்ரஸ்டட், ப்ளீஸ் கைட் மீ" என்று அனுப்பினால் பதில் வராது, அவரிடம் அதே போல் இன்னும் ஐம்பது இருக்கும். என்ன செய்தீர்கள், என்ன பிழை வந்தது, அதற்கு என்னென்ன முயன்றீர்கள் என்று எழுதுங்கள். நேர வித்தியாசத்தால் பதில் நள்ளிரவில் வரலாம், காத்திருங்கள். அங்கே சார், மேடம் தேவையில்லை; பெயர் சொல்லியே அழைப்பார்கள். நமக்குத்தான் வாய் வராது, பழகிவிடும்.

படி 4: முன்மொழிவு

மூன்று வரை அனுப்பலாம், ஒன்றுதான் தேர்வாகும். மூன்றை அரைகுறையாக எழுதுவதைவிட ஒன்றை உருப்படியாக எழுதுவது மேல். அமைப்பு தரும் வார்ப்புரு இருந்தால் அதை அப்படியே பின்பற்றுங்கள்.

"என்னைப் பற்றி" பகுதி ஒரு பத்தி போதும். வழிகாட்டி படிப்பது இரண்டைத்தான்: எந்தக் கோப்பில், எந்தச் செயல்கூறில் கைவைக்கப் போகிறீர்கள் என்பது, வாரவாரியான கால அட்டவணை. "வாரம் 1–3: நிரலைப் புரிந்துகொள்வது" என்று எழுதினால் முடிந்தது. அதை நீங்கள் பிப்ரவரியிலேயே செய்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். செமஸ்டர் தேர்வு எந்த வாரம் வரும் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். அந்த வாரங்களில் வேலையைக் குறைத்து, டெஸ்டுக்கும் ஆவணத்துக்கும் தனி வாரம் ஒதுக்குங்கள். சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த முன்மொழிவு இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத் திருத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் டாக்ஸில் எழுதி, கருத்து சொல்லும் அனுமதியோடு இணைப்பை வழிகாட்டிகளிடம் முன்கூட்டியே கொடுங்கள். கடைசி வாரத்தில் அவர்களுக்கு நேரம் இருக்காது.

படி 5: பதிவேற்றம்

பி.டி.எஃப். ஆகத்தான் ஏற்ற வேண்டும். கெடுவுக்குள் எத்தனை முறையும் மாற்றலாம், அதனால் வரைவை முதல் நாளே ஏற்றிவிடுங்கள். கெடு யு.டி.சி. (உலகப் பொது நேரம்) 18:00 என்று போட்டிருப்பார்கள். நமக்கு அது இரவு 11:30, 12 அல்ல. ஒரு நிமிடம் தாண்டினாலும் ஏற்க மாட்டார்கள்.

பின்சேர்க்கை: சிலர் கேட்டதால் இரண்டு விஷயங்கள். ஒன்று, கூகுள் இதை இன்டர்ன்ஷிப்பாகவோ வேலையாகவோ கருதுவதில்லை. முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். உங்கள் துறை அதை இன்டர்ன்ஷிப் கிரெடிட்டாக ஏற்குமா என்று துறைத்தலைவரிடம் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு, பணம். நீங்கள் வசிக்கும் நாட்டைப் பொறுத்துத் தொகை மாறும். இடை மதிப்பீட்டுக்குப் பின் ஒன்று, இறுதி மதிப்பீட்டுக்குப் பின் ஒன்று என இரண்டு தவணையாக பேயோனியர் என்ற பணம் அனுப்பும் சேவை வழியே வரும். அங்கே முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும்போது நம் இனிஷியல் சிக்கல் ஆரம்பிக்கும். பேன் அட்டையில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும், மதிப்பெண் பட்டியலில் அந்த எழுத்து முன்னால் இருக்கும். முடிவு வரும்வரை காத்திருக்காமல் வங்கிக்குப் போய், பேனில் உள்ளபடியே பெயரை மாற்றித்தரச் சொல்லி விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.