குளத்தில் விடும் நீர்மூழ்கி: காற்று ஏமாற்றும் இடங்கள்

வன்னியில் குளத்துக்குக் குறைவில்லை. எஸ்லோன் (பிவிசி) பைப்பில் சின்ன நீர்மூழ்கி ஒன்று செய்து விட்டுப்பார்க்க ஆசைப்படுபவருக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆள் ஏறாத மாதிரியைப் பற்றித்தான் சொல்கிறேன். ஆள் ஏறும் கலத்தை வீட்டு முற்றத்தில் செய்யக் கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில்.

கலத்தைத் தாழ்த்தவும் உயர்த்தவும் தண்ணீரை ஏற்றி இறக்கும் பலாஸ்ட் தாங்கியின் அடியில் துளை இருக்கும், உச்சியில் காற்றுவழி வால்வு இருக்கும். வால்வைத் திறந்தால் காற்று வெளியேறும், அடியால் தண்ணீர் ஏறும், கலம் தாழும். வால்வை மூடி, சிலிண்டரிலிருந்து காற்றைத் தாங்கியின் மேற்பக்கத்தால் அடித்தால் தண்ணீர் வந்த வழியே போய்விடும். இதில் பிழைவிட என்ன இருக்கிறது என்று தோன்றும். தண்ணீரை மட்டும் கவனித்துவிட்டு, காற்று எங்கே நிற்கிறது என்று பாராமல் விடுவதில்தான் முக்கால்வாசிப் பிழையும் வருகிறது.

காற்றுவழியைத் தாங்கியின் நடுவில் வைப்பது ஒன்று. மூக்கு சற்றுத் தாழ்ந்தாலே காற்று வால்பக்கம் ஓடி ஒரு குமிழியாக மாட்டிக்கொள்ளும். எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் அது போகாது. நீளமான ஒரே தாங்கியைவிட முன்னும் பின்னும் இரண்டு தாங்கி, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு என்று வைப்பது நல்லது.

தாங்கியைப் பாதி நிரப்பி நடுநீரில் நிறுத்தப் பார்ப்பதுதான் பெரிய பிழை. பத்து மீற்றர் ஆழத்துக்கு அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் கூடும். மேற்பரப்பில் ஒரு லீற்றராக இருந்த காற்று ஐந்து மீற்றரில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். அதாவது முந்நூறு கிராமுக்கு மேல் மிதப்பு போய்விட்டது. கலம் இன்னும் தாழும், காற்று இன்னும் சுருங்கும். மேலே வரும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். நிற்கச் சொன்னாலும் நிற்காது. போதாததற்கு, பாதித் தாங்கியில் தண்ணீர் முன்னும் பின்னும் அலைந்து கலத்தைச் சரிக்கும். ஆகவே பெரிய தாங்கி முழுதாக நிரம்ப வேண்டும், இல்லாவிட்டால் முழுதாக வெறுமையாக வேண்டும். நுட்பமான சரிக்கட்டலுக்குப் பெரிய சிரிஞ்ச் போல அடைத்த பிஸ்டன் தாங்கி ஒன்றைத் தனியே வையுங்கள்.

காற்றை அடிக்கும்போது அவசரம் வேண்டாம். அடித்துளை சிறிதாக இருந்து காற்று வேகமாக வந்தால் தண்ணீர் வெளியேற நேரம் போதாது. அப்போது மெல்லிய தாங்கி உள்ளிருந்து வெடிக்கும். அடித்துளையைக் காற்றுக்குழாயைவிட நன்றாகப் பெரிதாக்குங்கள். சல்வீனியா என்ற நீர்க்களை மண்டிய குளமென்றால் துளைக்கு வலையும் கட்டுங்கள். காற்றுவழியைத் திறந்தபடியே காற்றடித்துவிட்டுச் சிலிண்டர் காலி என்று புலம்புபவர்களும் உண்டு. அதற்கு நான் என்ன சொல்ல.

ஈரக் காற்றும் வேண்டாம். 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் திரெஷர் நீர்மூழ்கி 129 பேருடன் மூழ்கியது. பிறகு அதே வகைக் கப்பலொன்றில் சோதித்தபோது, உயர் அழுத்தக் காற்று விரிந்து குளிர்ந்ததில் அதிலிருந்த ஈரம் காற்றுக்குழாய்ச் சல்லடையில் பனிக்கட்டியாகப் படிந்து ஓட்டத்தையே அடைத்தது தெரியவந்தது. வன்னி வெயிலில் பனிக்கட்டியா என்று சிரிக்க வேண்டாம். குளிர்ச்சி வருவது காற்று விரிவதால், வெளியே அடிக்கும் வெயிலுக்கு அதில் பங்கில்லை. டயர் கடைக் கொம்பிரசரில் நிரப்பினால், முதலில் அதன் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடச் சொல்லுங்கள்.

குளத்தில் சரிபார்த்த கலத்தை அப்படியே முல்லைத்தீவுக் கடலில் விட்டால் தாழாது. உப்புநீர் ஏறத்தாழ இரண்டரை வீதம் கனம் கூடியது. எட்டுக் கிலோ கலத்துக்கு இன்னும் இருநூறு கிராம் ஈயம் வேண்டும். நந்திக்கடல் போன்ற களப்பில் உப்பின் அளவு மழைக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. போகும்போதெல்லாம் மீண்டும் பாருங்கள்.

எங்கே விட்டாலும் நைலோன் கயிறு ஒன்றைக் கட்டியே விடுங்கள். துரிசு (குளத்து மதகு) திறந்திருக்கும் பக்கம் போகவே வேண்டாம். கயிறு அறுந்தால் முதலை உள்ள குளத்தில் இறங்கித் தேடவும் வேண்டாம், வேறொன்று செய்துகொள்ளலாம்.