கிராமத்தில் வேலையின்மை குறைவா? ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்புப்படி 2023-24இல் இந்தியக் கிராமங்களில் வேலையின்மை 2.5 சதவீதம், நகரங்களில் 5.1. "பார்த்தீங்களா, காரைக்குடியை விட ஆத்தங்குடியில்தான் வேலை கொட்டிக் கிடக்கு" என்றார் டீக்கடையில் ஒருவர். நாடு முழுவதற்குமான சராசரியை ஓர் ஊரின் தலையில் கட்டுவது முதல் தவறு.

பெரிய தவறு வேறு. அந்த ஆண்டுக் கணக்கில், வருடத்தில் 30 நாள் ஏதாவது வேலை பார்த்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். செட்டிநாட்டுப் பக்கம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்தால் ஒரு போக நெல். தையில் அறுப்பு முடிந்ததும் கருவேலம் வெட்டு, நூறு நாள் வேலை, வீட்டு ஆடு நாலு. இப்படி ஓட்டுகிற அக்காவிடம் கேட்டால் "வேலை எங்கே தம்பி இருக்கு?" என்பார். கணக்கில் அவருக்கு வேலை உண்டு. சம்பளமில்லாமல் அப்பாவின் பெட்டிக்கடையில் உட்காரும் பட்டதாரிக்கும் உண்டு. காரைக்குடியில் அறை எடுத்து, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கும் அவருடைய சித்தப்பா மகன் மட்டும் வேலையில்லாதவர். இருவர் கையிலும் காசில்லை, அது வேறு கதை.

வேலை தேடவும் இல்லை, கிடைத்தால் செய்யத் தயாராகவும் இல்லை என்பவர் இந்த விகிதத்தில் வரவே மாட்டார். அதனால் உழைப்பில் பங்கேற்போர் விகிதத்தையும், அதாவது வேலையில் இருப்பவரும் வேலையில்லாதவராகக் கணக்கில் வருபவரும் சேர்ந்து மக்களில் எத்தனை சதவீதம் என்பதையும், சேர்த்துப் பாருங்கள். 15 வயதும் அதற்கு மேலும் ஆன கிராமத்துப் பெண்களில் அது 2017-18இல் 24.6 சதவீதம், 2023-24இல் 47.6. அத்தனையும் சம்பள வேலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; சொந்த வயல், குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உழைப்பதும் அதில் அடக்கம்.

எது கிராமம், எது நகரம் என்பதிலும் கண்ணை நம்ப முடியாது. பூட்டிய அரண்மனை வீடுகளும் ஆளில்லாத தெருக்களுமாக இருக்கும் கானாடுகாத்தான் பேரூராட்சி; எனவே கணக்கில் நகரம். திருப்பூருக்கோ சென்னைக்கோ குடிபோன பையனும் போன இடத்துக் கணக்கில்தான் சேருவான்.

அப்புறம், 2025 முதல் வரும் மாதாந்தர எண்கள் முந்தைய ஏழு நாளை மட்டும் பார்ப்பவை. அதில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். பழைய ஆண்டு எண்ணோடு அதை ஒட்டிவைத்து 'திடீர் உயர்வு' என்று எழுதாதீர்கள். சித்திரை மாத எண்ணைத் தை அறுப்போடு ஒப்பிடுவதும் அதே ரகம்.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. 2.5க்கும் 5.1க்கும் இடைவெளி 2.6 சதவீதப் புள்ளி. '2.6 சதவீதம் அதிகம்' என்று எழுதினால் தப்பு. நகரத்து எண் கிராமத்து எண்ணைப் போல இரண்டு மடங்கு.